நானூற்றுப் பன்னிரண்டு சிவப்பு வரிகள்

கழித்தல் குறி போட்டு நானூற்றுப் பன்னிரண்டு, கூட்டல் குறி போட்டு முப்பத்தெட்டு. திரையின் வலது மூலையில் இந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, முதலாவது சிவப்பில், இரண்டாவது பச்சையில். திருமேனி பத்தே முக்காலிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீக்கப்போகிற புரோகிராம் வரிகள் சிவப்பு, சேர்க்கப்போகிற வரிகள் பச்சை. சிவப்பு அத்தனையும் அவன் எழுதியது. பச்சை அத்தனையும் நிலோஃபர் எழுதியது. ஆறு வருஷத்தை முப்பத்தெட்டு வரியில் மடித்து எடுத்து வைத்துவிட்டாள், அதுவும் வேலைக்கு வந்த ஏழாவது மாசத்தில், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டேதான் எழுதினாளா என்று அவன் பார்க்கவில்லை, அன்றைக்கு அந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை, ஆனால் அந்தப் பெண் எதையும் சிரிக்காமல் செய்து இந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. இப்போது அவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். முழுக்கப் படித்துவிட்டுக் கீழே இருக்கிற 'அப்ரூவ்' பொத்தானை அழுத்த வேண்டும். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படித்து ஒப்புக்கொண்டால்தான் அது சர்வருக்குப் போகும், தன்னுடையதைத் தானே ஒப்புக்கொள்ள முடியாது, இந்த ஆபீஸில் அப்படி ஒரு சட்டம். பன்னிரண்டு மணிக்கு அந்த ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் பதினான்கு கிளைகளுக்கும் புதிய பக்கம் திறக்கிறது. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் வீட்டிலிருந்தே போனில் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம். மணி பதினொன்று ஐந்து. ஏசி நேராகப் பிடரியில் அடித்தது. அழுத்திவிட்டால் போகிறது, என்ன, ஒரு பொத்தான்தானே, விரலுக்கு என்ன வலி என்று நினைத்தான், விரல் மட்டும் மவுஸின் மேல் அப்படியே கிடந்தது.

விஷயம் பெரிய விஷயமொன்றும் இல்லை, வெளியாளிடம் சொன்னால் பாதியிலேயே கொட்டாவி விடுவான். பின்னால் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய கோடு இருக்கிறது. நோயாளி யார், டாக்டர் யார், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்கிற சகலமும் அங்கே ஆப்ஜெக்ட் என்கிற பொட்டலங்களாகக் கிடக்கும். முன்னால் பக்கம் இருக்கிறது, டெம்ப்ளேட் என்பார்கள், 'வணக்கம்' என்று எழுதி, பக்கத்தில் பெயருக்கு ஓர் இடம் விட்டுக் காத்துக்கொண்டிருக்கும். அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. பின்னாலிருந்து யாராவது ஒரு ஆப்ஜெக்ட்டை எடுத்து, அதற்கு ஒரு பெயர் வைத்து, இந்தா இதுதான் நோயாளி, இந்தா இதுதான் ரிசல்ட் என்று கையில் கொடுத்தால்தான் அதற்குக் கண் தெரியும். கொடுக்க மறந்தால் சண்டைகூடப் போடாது, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மிச்சத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அறுபத்து மூன்று பக்கங்களுக்கு அப்படிக் கொடுத்தவன் திருமேனி. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு தடவையும் குனிந்து, இலை இலையாக. அவன் மனசுக்குள் அதற்கு வைத்திருந்த பெயரே பந்தி விசாரிப்பு. பெரியப்பா மகள் கல்யாணத்தில், கோவில்பட்டியில், அவனுக்குப் பதினேழு வயசில், சாம்பார் வாளியைக் கொடுத்து இறக்கிவிட்டார்கள். மூன்று பந்தி. வாளிக் கம்பி அறுத்து உள்ளங்கையில் கோடு விழுந்தது. ஒருத்தரும் நிமிர்ந்து முகம் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தார்கள், கரண்டியைப் பார்த்தார்கள், போதும் என்று கையை மட்டும் குறுக்கே நீட்டினார்கள். பின்னாலேயே பாயசத் தூக்கோடு வந்தான் சித்தப்பா மகன் வேலுச்சாமி. தம்பி இங்க, தம்பி இந்த இலைக்கு, யாரு மகன் இது, நல்லாருப்பே என்று பந்தி முழுக்க அவன் முகத்தைத்தான் பார்த்தது. பாயசத்தை அவனா காய்ச்சினான். தூக்கினான், அவ்வளவுதானே. அன்றைக்குக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது, அதைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வேலுச்சாமி எதிரில் உட்கார்ந்து சாம்பார் நல்லா இருந்துச்சுடா என்று சொன்னதைத்தான் இன்றைக்கு வரைக்கும் பொறுக்க முடியவில்லை.

நிலோஃபர் செய்தது இலைப் பந்தியையே எடுத்துவிட்டது. ஒரே ஓர் இடம், அங்கே எல்லா ஆப்ஜெக்ட்டுகளையும் ஒரு தடவை வைத்துவிட்டாள். எந்தப் பக்கத்துக்கு எது வேண்டுமோ அது தட்டெடுத்துக்கொண்டு வந்து தானே எடுத்துக்கொள்ளும். யாரும் யாருக்கும் குனிந்து பரிமாற வேண்டாம். நேற்றைய கூட்டத்தில் அவள் அதைப் பெரிய திரையில் காட்டியபோது டீமின் தலைவி சௌந்தரவல்லி, எல்லோருக்கும் வல்லி மேடம், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இது நமக்கு ஏன் இத்தனை நாளா தோணவே இல்லை என்று கேட்டார். நமக்கு. அந்த 'நமக்கு' என்ற சொல்லுக்குள் யார் உட்கார்ந்திருந்தது என்று அறையில் இருந்த ஆறு பேருக்கும் தெரியும். வல்லி மேடத்துக்குத் தோன்றியிருக்க வேண்டியதில்லை, அவர் கோடு எழுதுவதை விட்டு வருஷம் நாலாச்சு. மற்ற மூன்று பேரும் அந்தப் பக்கமே வந்ததில்லை. மிச்சம் யார்? அவனும் எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினான். கொஞ்சம் அதிகமாகவே தட்டிவிட்டான் போல, நிலோஃபர் இவனைப் பார்த்து, தேங்க்ஸுங்ணா, எல்லாம் உங்க கோடு படிச்சுக் கத்துக்கிட்டதுதானுங் என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதில்தான் ஆத்திரமே. ஏதாவது ஒரு சின்ன ஏளனம், ஒரு கண் சிமிட்டல் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாக அவளை வெறுத்திருக்கலாம். அவள் ஆத்துப்பாலத்துக்காரி, கோயம்புத்தூர்ப் பேச்சு, எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்' போட்டு மரியாதை செய்துவிடுகிறாள், கோபப்படக்கூட இடம் கொடுப்பதில்லை.

கொய்யாப்பழ வாசனை வந்தது. திரும்பாமலே தெரியும். பதினோரு மணி தாண்டினால் வல்லி மேடம் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறப்பார். நாலாக வெட்டி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய கொய்யா. மூடியில் இரண்டு துண்டை வைத்துப் பக்கத்து மேஜைக்குத் தள்ளுவார். ஐந்தரை வருஷமாக அந்த மூடி இடது பக்கம் வந்தது. இடது பக்கம் திருமேனி. ஆறு மாசத்துக்கு முன்னால் வலது பக்கத்தில் புது மேஜை போட்டார்கள். முதல் வாரம் மூடி இரண்டு பக்கமும் போனது. இப்போதெல்லாம் வலது பக்கம் மட்டும் போகிறது. இதைப் போய் யாரிடம் சொல்ல, முப்பத்திரண்டு வயசு ஆண்பிள்ளை, கல்யாணமானவன், எனக்குக் கொய்யாப்பழம் வரவில்லை என்று மனைவியிடம் சொன்னால் அவள் மறுநாள் இரண்டு கிலோ வாங்கி வந்து வைப்பாள். பழமா பிரச்சினை. அந்த மூடி மேஜைமேல் நகரும்போது ஒரு சத்தம் வரும், கரகரவென்று, அந்தச் சத்தத்துக்காக அவன் திரும்பாமலே காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்தது. வலது பக்கம்தான்.

அப்புறம்தான் அவன் படிக்க ஆரம்பித்தான். உண்மையைச் சொன்னால் படிக்க இல்லை, தேட. அரிசியில் கல் பொறுக்குகிறவன் அரிசியையா பார்க்கிறான். பச்சை வரி ஒன்று, சரியாக இருக்கிறது. இரண்டு, சரி. பத்தாவது வரியில் அவள் வைத்திருந்த ஒரு பெயர் அழகாக இருந்தது, அழகாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு அவசரமாகக் கீழே போனான். பதினைந்தாவது வரியில் ஒரு வெற்று இடைவெளி கூடுதலாக இருந்தது. சீ, இதையா எழுதுவது, ஆனால் எழுதலாம் போலத்தான் இருந்தது. மணி பதினொன்று இருபது. நிலோஃபர் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தாள், எழுந்து வரமாட்டாள், காலால் தரையை உந்தி நாற்காலியோடு வருவாள். அந்த வழக்கத்தை முதலில் பார்த்தபோது அவனும் சிரித்திருக்கிறான். பாத்தாச்சுங்களாண்ணா என்றாள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்றான். அவசரம் ஒண்ணுமில்லீங், நீங்க பொறுமையா பாருங், எனக்கு ஒரு இடத்துல மட்டும் மனசு ஒப்பவே மாட்டேங்குது, எந்த இடம்னு சொன்னா நீங்க அதை மட்டும் பாப்பீங்க, அதனால சொல்லலை என்றாள். போய்விட்டாள். நாற்காலிச் சக்கரத்தின் சத்தம் வல்லி மேடம் பக்கத்தில் போய் நின்றது, இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கு. என்னைப் பற்றியா. என்னைப் பற்றிச் சிரிக்க என்ன இருக்கிறது. என்னைப் பற்றிச் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதே கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இருபத்தேழாவது வரியில் கிடைத்தது. கிடைத்த கணத்தில் அவனுக்கு உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறியது, குளிரில் இருந்து வந்து வெயிலில் நின்றதுபோல. ஹெல்பர் என்று ஒரு ஆப்ஜெக்ட். பக்கம் அதனிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால், அது தன் மடியில் முடிந்து வைத்திருக்கிற நோயாளியின் ரிசல்ட்டைப் பார்த்து நூற்றிருபது என்று சொல்லும், அளவு மீறியிருந்தால் சிவப்பில் சொல்லும். மடியில் ஒரு சமயத்தில் ஒரே ஒரு நோயாளியைத்தான் முடிய முடியும். இந்த ஹெல்பரை நிலோஃபர் ஒன்றே ஒன்று செய்து, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் வைத்துவிட்டாள். சிங்காநல்லூரிலிருந்து ஒருத்தர் போனில் திறப்பார், ஹெல்பர் அவரை முடிந்துகொள்ளும். அவருடைய பக்கம் எழுதி முடிவதற்குள், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, பொள்ளாச்சியிலிருந்து இன்னொருத்தர் திறப்பார், ஹெல்பர் முதல் முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிட்டு இவரை முடிந்துகொள்ளும். சிங்காநல்லூர்க்காரர் பக்கம் ஒன்றும் தெரியாமல் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கும். பொள்ளாச்சிக்காரரின் சர்க்கரை வரும். மேலே இவர் பெயர், கீழே அவர் ரத்தம். ஆபீஸில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சோதித்தால் ஆயிரம் தடவை திறந்தாலும் சரியாகத்தான் இருக்கும், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. பதினான்கு கிளை, மத்தியானம் பன்னிரண்டு மணி, ஒரே நேரத்தில் நூறு பேர். அவன் கண்ணில் பட்டுவிட்டது. ஆறு வருஷம் சும்மா போய்விடவில்லை.

இனி என்ன. ரிவ்யூவில் ஒரு வரி எழுதலாம், இருபத்தேழைப் பார்க்கவும் என்று. அவள் பார்ப்பாள், நெற்றியில் தட்டிக்கொள்வாள், ஐந்து நிமிஷத்தில் திருத்திவிடுவாள், அடடா எவ்வளவு வேகமாகத் திருத்திவிட்டாள் என்று அதற்கும் ஒரு பாராட்டு. எழுதாமலும் இருக்கலாம். அப்ரூவ். பன்னிரண்டு மணி. முதல் போன் பன்னிரண்டே காலுக்கு வரும். வல்லி மேடத்தின் முகம். கன்னத்தில் வைத்த கையை எடுப்பார். யாருப்பா இதை எழுதினது என்று கேட்பார், தெரிந்துகொண்டே கேட்பார். நிலோஃபர் சிரிக்க மாட்டாள், ஒரு தடவையாவது அந்த முகம் சிரிக்காமல் எப்படி இருக்கும். அப்போது இவன் நிதானமாக எழுந்து, நான் பார்த்துக்கிறேன் மேடம், பழைய வழிக்கே மாத்திடுறேன் என்பான். நானூற்றுப் பன்னிரண்டு வரியும் சிவப்பிலிருந்து எழுந்து வரும். இந்தக் காட்சியை அவன் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான், மூன்றாவது தடவை தன் சட்டைக் கைகூட மடித்துவிடப்பட்டிருந்தது. படித்தவனுக்கும் பொறுப்பு உண்டே, அப்ரூவ் அழுத்தினவன் யார் என்று கேட்க மாட்டார்களா என்று ஒரு குரல் கேட்டது. முப்பத்தெட்டு வரியில் ஒன்று கண் தப்பாதா என்று இன்னொரு குரல் பதில் சொன்னது. இரண்டு குரலும் தன்னுடையதுதான். நாலாவது தடவை ஓட்டும்போது காட்சி ஆபீஸை விட்டு நழுவிவிட்டது. அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். ஆறேழு வருஷம் இருக்கும், ஊரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் கவர் மாறிப்போய் சிறுநீரகம் கெட்ட வேறு யாருடையதோ கிரியேட்டினின் அளவு அப்பா பெயரில் வந்துவிட்டது. மூன்று நாள். அம்மா உப்பில்லாமல் சமைத்தாள். அப்பா இரண்டாம் நாள் சாயங்காலம் பேனா எடுத்து, பால்காரர் போன் நம்பர், கேஸ் கனெக்‌ஷன் நம்பர், மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர் நம்பர் என்று ஒரு தாளில் குண்டு குண்டாக எழுதி பீரோவின் உள்கதவில் ஒட்டினார். நான் இல்லாவிட்டால் என்று சொல்லவில்லை, ஒட்டினார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அந்த நிலையத்துக்காரன் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு கவரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். தாளை யாரும் கிழிக்கவில்லை. சிங்காநல்லூரில் ஒரு வீட்டில் யாரோ பேனாவைத் திறக்கிறார்கள். பொள்ளாச்சியில் சர்க்கரை முந்நூற்றுப் பத்து இருக்கிற ஒருத்தர் நூறு என்று படித்துவிட்டு ஜிலேபி வாங்க அனுப்புகிறார். முடியாது. இதை அழுத்த முடியாது. அந்த முடிவு வந்ததும் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், எரிச்சலாகத்தான் இருந்தது, கையில் வந்த பந்தைத் திருப்பிக் கொடுக்கிறவனின் எரிச்சல்.

சரி, எழுதியே விடுவது, ஆனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி, பிழையின் வேர் எங்கே என்று சுட்டிக்காட்டி எழுதுவது என்று ஹெல்பரின் கோப்பைத் திறந்தான். எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று இடது ஓரத்தில் காட்டும். மடி இருக்கிற வரிக்குப் போனான். ஒரு ஹெல்பர் எதற்காக நோயாளியை மடியில் முடிந்துகொண்டு அலைய வேண்டும், கேட்கும்போது கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதுமே, யார் இந்த அரைகுறை வேலையைச் செய்தது என்று எழுதுவதற்கு வாக்கியம்கூடத் தயாராகிவிட்டது. இடது ஓரத்தில் பெயர் இருந்தது. திருமேனி. தேதி, அவன் வேலைக்கு வந்த மூன்றாவது மாசம். அவன் பெயரை அவனே ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். அந்த மடியைத் தைத்தவன் அவன். ஆறு வருஷம் அது ஏன் வெடிக்கவில்லை? ஏனென்றால் அவன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஹெல்பரைச் செய்து கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரு ஹெல்பருக்கு ஒரு நோயாளி, வேலை முடிந்ததும் ஹெல்பரே காணாமல் போய்விடும், முடிச்சு மாற நேரமே கிடையாது. தெரிந்தா செய்தான்? இல்லை. வேறு வழி அவனுக்குத் தெரியாது. முதல் பக்கத்தை அப்படிச் செய்தான், இரண்டாவதை முதலைப் பார்த்துச் செய்தான், அறுபத்து மூன்றாவதை அறுபத்திரண்டைப் பார்த்துச் செய்தான். அந்த நானூற்றுப் பன்னிரண்டு வரியும் அவன் பிழையின்மேல் அவனே அறியாமல் போட்டு மூடியிருந்த போர்வை. நிலோஃபர் போர்வையை மடித்து வைத்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். காது சுட்டது. ஏசிக்கு நேராக உட்கார்ந்திருந்தும் காது சுட்டது.

மணி பதினொன்று முப்பத்தாறு. இருபத்தேழைப் பார் என்று எழுதினால் அவள் இந்தக் கோப்பைத் திறப்பாள், இடது ஓரத்தைப் பார்ப்பாள். பார்க்காமல் இருக்கமாட்டாள், அவள் எல்லாவற்றையும் பார்ப்பாள். வேறு வழி இருந்தது. ஹெல்பரின் தலைக்கு மேல் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், வருகிற ஒவ்வொருத்தருக்கும் இது புதிதாகப் பிறக்கட்டும் என்று ஜாவாவுக்குச் சொல்லும் வரி. அவள் நடுவில் வைத்தது அப்படியே இருக்கும், பார்க்க ஒன்று, ஆனால் ஆளுக்கு ஒன்று. அவள் முப்பத்தெட்டு வரியைத் தொடவே வேண்டாம், யாரிடமும் பேசவே வேண்டாம். தட்டினான். சோதித்தான், திரையில் இரண்டு ஜன்னலில் இரண்டு நோயாளியை வைத்து மாற்றி மாற்றித் திறந்து பார்த்தான், அவரவர் ரத்தம் அவரவருக்கே வந்தது. 'சிறு திருத்தம்' என்று தலைப்புப் போட்டான். சிறு. பிரகதீஷிடம் அனுப்பிவிடலாம், அவன் எதையும் படிக்கமாட்டான், கண்ணை மூடிக்கொண்டு அப்ரூவ் அழுத்துவான், அவனைப் போன்றவர்களின் அருமை இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரிகிறது. அனுப்பினான். பிரகதீஷ் விடுப்பில், மச்சினன் கிரகப்பிரவேசத்துக்கு ஈரோடு போயிருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தபோது, சாஃப்ட்வேர் தானாகவே அடுத்த ஆளின் பெயரைப் போட்டுவிட்டிருந்தது. நிலோஃபர் ஜஹான். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், அவள் படம், சிரிப்போடு.

அந்த வட்டத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு வந்தது. திறந்துவிட்டாள். இரண்டு மேஜை தள்ளி அவள் முதுகு தெரிந்தது, முக்காட்டை ஒரு கையால் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு முன்னால் குனிந்தாள். இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தான், ஒருத்தர் தன் வரியைப் படிக்கும்போது வெளியே உட்கார்ந்திருப்பது. ஒரு மணி நேரமாக இவன் அவளை இப்படித்தான் உட்கார வைத்திருந்தான். ஒரே வரிதானே, எவ்வளவு நேரம் படிப்பாள். அவள் நகரவில்லை. கோப்பின் மேலே போகிறாள் என்று தோளின் அசைவில் தெரிந்தது, இப்போது கீழே போகிறாள், இப்போது மடிக்கு வந்துவிட்டாள், இப்போது இடது ஓரம். அழுத்திவிடேன் அம்மா, கேட்காமல் அழுத்திவிடேன். திரையின் கீழே எழுத்து விழுந்தது. 'அண்ணா, எனக்கு மனசு ஒப்பலைன்னு சொன்னேனே, அது இந்த ஹெல்பர்தானுங். பொதுவுல வெச்சா ஆள் மாறுமோன்னு ஒரு பயம். ஆனா ஆறு வருஷமா ஒரு தடவைகூட மாறலையே, அப்ப நாந்தான் தப்பா யோசிக்கிறேன்னு விட்டுட்டேன்.' அவன் மூச்சு விடுவதற்குள் அடுத்தது விழுந்தது. 'நீங்க ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா புதுசா செஞ்சு குடுத்தது இதுக்காகத்தானுங்களா?'

பதில் எழுதுகிற பெட்டி காலியாக இருந்தது, அதில் கர்சர் கோடு ஒன்று மினுக்கி மினுக்கி அவனைக் கூப்பிட்டது. அவள் கேட்கவில்லை, கொடுத்தாள். கேள்விக்குறி போட்டு ஒரு சிம்மாசனத்தைக் கொண்டுவந்து நடு ஹாலில் போட்டுவிட்டு, உட்காருங்கண்ணா என்கிறாள். 'இல்லம்மா, அது என் தப்பு, எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்' என்று தட்டினான். படித்தான். நன்றாகத்தான் இருந்தது, ஒரு நல்ல மனுஷன் எழுதினது போல. அழித்தான். மறுபடியும் 'இல்லம்மா' என்று மட்டும் தட்டினான். மணி பதினொன்று நாற்பத்தெட்டு. பக்கத்தில் வல்லி மேடம் போனில், இதோ, பத்து நிமிஷத்துல திறந்துடும் சார் என்று யாருக்கோ சொல்வது கேட்டது. இல்லை என்று சொன்னால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, அவள் பரவாயில்லைங்ணா என்பாள், எல்லோருக்கும் நடக்கிறதுதானுங் என்பாள், அந்தப் பரவாயில்லையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு தினமும் இங்கே வந்து உட்கார வேண்டும். அவள் பெரிய மனசோடு மன்னிப்பாள். அதையும் அவளே நன்றாகச் செய்வாள். 'ஆமாம்மா. பார்த்துத்தான் செஞ்சேன்.' எது தட்டியது, விரலா, அவனா. அனுப்பு என்கிற பொத்தானைத் தொட்ட மாதிரிகூட இல்லை, எழுத்து பெட்டியிலிருந்து குதித்து மேலே போய் அவன் பெயருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது, தேதியோடு, நேரத்தோடு. இனி எப்போதும் இருக்கும். ஒரு நொடியில் அவன் திருத்தத்தின் மேல் பச்சை டிக் விழுந்தது. இவனும் அவளுடையதைத் திறந்து அப்ரூவ் அழுத்தினான். இரண்டு மாற்றமும் ஒன்றின் பின் ஒன்றாகச் சர்வருக்குப் போயின. நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் அழிந்து போய்ச் சேர்ந்தன, அவற்றைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை, ஏனென்றால் நாற்காலிச் சக்கரம் உருண்டு வந்துகொண்டிருந்தது.

அவள் இவனிடம் வரவில்லை, நேராக வல்லி மேடத்திடம் போய் நின்றாள், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்ல ஆரம்பித்தாள். மேடம், ஒரு விஷயங், நான் அண்ணனோட வரியெல்லாம் வெட்டினேன்ல, அதெல்லாம் சும்மா இல்லீங், ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தருக்குப் போயிறக் கூடாதுன்னு ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியா, பொறுமையா, ஆறு வருஷமா செஞ்சு வெச்சிருக்காருங், வெளியில ஒரு வார்த்தை சொல்லலை, நேத்து நான் பாட்டுக்கு அதை வெட்டி எறிஞ்சுட்டு எல்லார் முன்னாடியும் பெருமையடிச்சேன், அப்பவும் வாயைத் திறக்காம கை தட்டினாருங், இன்னிக்குக் காலைல உக்காந்து முழுக்கப் படிச்சு, என்னோடதுல ஒரு எழுத்துகூடத் தொடாம, ஒரே வரில சரி பண்ணிட்டாருங். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. திருமேனி முதல் தடவையாக அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்தான். கண் இலேசாகக் கலங்கியிருந்தது. வல்லி மேடம் நாற்காலியைத் திருப்பி இவனைப் பார்த்தார், மற்றவர்களும் எழுந்து நின்றே பார்த்தார்கள், பந்தியே முகத்தைப் பார்த்தது. "ஏம்ப்பா திரு, இப்படியா ஒரு மனுஷன் அமுக்கமா இருப்பே? வியாழக்கிழமை எல்லாரையும் உக்கார வைக்கிறேன், அரை மணி நேரம் நீ பேசு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எப்படி யோசிச்சே, அதை மட்டும் சொல்லு" என்றார். அவன் சரிங்க மேடம் என்றான். வேறு என்ன சொல்வான். மணி பன்னிரண்டு அடித்தது, பெரிய திரையில் பதினான்கு கிளைகளின் பெயர்களும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின, சிங்காநல்லூர், பொள்ளாச்சி, அவரவர் ரத்தம் அவரவருக்குப் போயிற்று. நிலோஃபர் பேச்சை விடவில்லை, பக்கத்து டீமிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு பேருக்கும் முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அந்த மனிதன் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தான். அமைதியானவன், தொலைவு பார்க்கத் தெரிந்தவன், பாராட்டு வேண்டாதவன், தன் வேலை அழிக்கப்படும்போது முகம் கோணாமல் கை தட்டியவன். வல்லி மேடம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், அந்த ஆளைப் பற்றிக் கேட்பதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அவளுக்கு அத்தனை மரியாதை. திருமேனி எல்லோரோடும் சேர்ந்து கேட்டான். வியாழக்கிழமைக்கு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தான், அந்த மனிதன் என்ன யோசித்திருப்பான், எப்படி ஆரம்பிப்பான் என்று ஒன்றும் பிடிபடவில்லை. பழைய ஆத்திரம் திரும்பி வந்தது, ஆனால் இப்போது வலது பக்கத்து மேஜையைப் பார்த்து இல்லை, அவள் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஆளைப் பார்த்து. எவ்வளவு சுலபமாக எல்லோர் மனசிலும் போய் உட்கார்ந்துகொண்டான் பாவி. அவன் மட்டும் இந்த ஆபீஸில் வேலைக்குச் சேராமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.